மணற்கரையில் ஒரு பாசறை

பாசறை என்னும் சொல் பண்டைத் தமிழர்க்குப் போர்க்களத்தை நினைவூட்டிய சொல். படை தங்கும் இடத்துக்கே அப்பெயர் வழங்கிற்று. இன்றோ, பாசறை என்றதும் மாணவர் மனத்தில் எழுவன கூடாரமும், கல் மூன்று கூட்டிய அடுப்பும், தலைக்கு மேல் விரிந்த விண்மீன்களுமே. 1907 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பேடன் பவல் என்பார் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவுக்குச் சிறுவர் சிலரை அழைத்துச் சென்று நடத்திய பாசறையிலிருந்து சாரணர் இயக்கம் தோன்றிற்று. ஐந்தாண்டுகளின் பின், 1912 இல், அது இலங்கைக்கும் வந்தது. வெட்டவெளியில் ஓரிரவு தங்கி, தன் கையால் சமைத்து உண்டு மீள்வதும் ஒரு கல்வியே என்ற எண்ணம் பள்ளிக்கூடங்களில் வேரூன்றியது அவ்வியக்கத்தின் வாயிலாகவே.

ஆயினும், வெளியிடத்தில் தங்கும் கலை வடமராட்சி மக்களுக்குப் புதியதன்று. திருவிழாக் காலங்களில் மாட்டு வண்டியில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டு, செல்வச்சந்நிதியிலும் வல்லிபுரத்திலும் மர நிழலில் தங்கி மீண்ட குடும்பங்கள் பல. வழிநடைப் பயணிக்காக ஊரார் மடங்கள் அமைத்தனர். தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி நாட்டினர். ஆடுமாடுகள் நீர் அருந்தத் தொட்டியும், உடம்பை உரைஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் வைத்தனர். பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகவே கூரை வேய்ந்து நிற்கும் தெருமூடி மடம் இவற்றுள் புகழ் பெற்றது. நிழல், நீர், சுமை இறக்க ஓர் இடம் என்னும் மூன்றையுமே அம்முன்னோர் பயணியின் தேவையாகக் கண்டனர். இன்று கடற்கரையிற் கூடாரம் அடிக்க விரும்புவோரும் முதலிற் சிந்திக்கவேண்டியவை அவை மூன்றுமே. அவற்றுள்ளும் நீரே முதன்மையானது.

போர்க்காலம் இந்த அறிவின் தொடர்ச்சியை அறுத்துவிட்டது. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த அக்காலத்தின் பெரும்பகுதியில், இருட்டிய பின் கடற்கரையில் நிற்பதே இயலாததாயிருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்தும், கடற்கரையில் ஓரிரவேனும் துயிலாத ஒரு தலைமுறை உருவாயிற்று. இன்று அத்தலைமுறையினர் தம் பிள்ளைகளுடனும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருடனும் கடற்கரையை நாடுகின்றனர். கூடாரமும் மின்விளக்கும் கடையில் கிடைக்கின்றன. கரையைப் பற்றிய அறிவு கடையில் கிடைப்பதில்லை. அதனைக் கேட்டறிந்து கொள்வதே பாசறைத் திட்டத்தின் முதற்படி.

உடுப்பிட்டியிலிருந்து புறப்படும் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை எண்ணிக்கொள்வோம். சனிக்கிழமை பிற்பகல் சென்று ஞாயிறு மாலை மீள்வது அவர்கள் நோக்கம். உடுப்பிட்டி கடலோரத்தில் இல்லாவிடினும் கடலுக்கு அண்மையிலுள்ள ஊர். வடக்கே சிறிது தூரத்தில் வல்வெட்டித்துறை. வடமேற்கே தொண்டைமானாறு. கிழக்கே, இலங்கையின் வடமுனையை அணைந்து நிற்கும் பருத்தித்துறை. எல்லாம் கடற்கரையே எனினும், எல்லாம் ஒரு தன்மையன அல்ல.

வடகரை சுண்ணக்கல்லால் ஆயது. அலையைத் தடுக்கும் முருகைக்கற் பார் கரைக்கு அண்மையில் இருத்தலின் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆனால் கரை ஒடுங்கியது. வீடுகளும் வள்ளங்களும் வீதியும் நெருங்கி நிற்கும் அவ்விடத்தில் கூடாரம் அடிக்க இடமில்லை. பகற்பொழுதில் உலாவி மீள்வதற்கே அது ஏற்றது. பருத்தித்துறைக்குத் தெற்கே திரும்பியதும் நிலத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. வல்லிபுரத்திலிருந்து மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில் என நீளும் கிழக்குக் கரை முற்றிலும் மணல். மணற்காட்டில் அம்மணல் குன்றுகளாக எழுந்து நிற்கின்றது. அதன் அருகே சவுக்கு மரங்கள் நிழல் தருகின்றன. அக்கரையின் தென்கோடியிலுள்ள சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே பறவை காணச் செல்லலாம், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றித் தங்குதல் ஆகாது. சிறு குழந்தைகளை உடன்கொண்டு செல்வோர்க்கு, ஆழம் குறைந்து அலை தணிந்த காரைநகர்க் கசூரினாக் கரை நல்லதாயினும், அது குடாநாட்டின் மறுபுறத்தில் உள்ளது. ஆகவே உடுப்பிட்டியார்க்கு அணித்தாயும் ஏற்றதாயும் உள்ளது மணற்காடே. நெல்லியடி, மந்திகை வழியாகச் சென்று கிழக்கே திரும்பினால், சைக்கிளிற் செல்வோரும் இளைப்பாறி இளைப்பாறிப் பிற்பகலுக்குள் சென்றடைவர்.

இடத்தை அடுத்துக் காலம். யாழ்ப்பாணத்தார் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் இட்டிருக்கின்றனர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். இப்பெயர்கள் அலங்காரத்துக்காக எழுந்தவை அல்ல. வல்வெட்டித்துறை மாலுமிகள் இக்காற்றுகளை நம்பியே பாய்க்கப்பல் செலுத்தினர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தையே சென்றடைந்தது. கூடாரம் அடிப்பவனுக்கும் இவ்வறிவு வேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவ மழைக்காலம். குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அப்பொழுதே பெய்யும். 1964 டிசெம்பரில் வீசிய புயலும் 2008 நவம்பரில் வந்த நிஷாப் புயலும் அப்பருவத்துக்கு உரியவை. அம்மாதங்களில் கடற்கரைப் பாசறையை எண்ணவே கூடாது. மே மாதம் தொடக்கம் சோளகம் வலுத்து, மணலை வாரிச் சோற்றிலும் கண்ணிலும் இறைக்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை இளைஞர் பட்டம் ஏற்றிப் போட்டியிடும் நாட்களிலும் காற்றுக்குக் குறைவில்லை. மழை ஓய்ந்து, நிலத்தடி நீர் நிறைந்து, வெயில் கடுமை கொள்ளாத பெப்ரவரி, மார்ச் மாதங்களே தக்க காலம். முழுமதி நாள் அரசாங்க விடுமுறை. அது வார இறுதியை ஒட்டி வருமாயின் நிலவும் கிடைக்கும், ஓய்வும் கிடைக்கும்.

நாளைக் குறித்ததும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. குழுவில் இருவர் ஒரு வாரம் முன்னதாகவே அவ்விடம் சென்று கிராம அலுவலரையும் கடற்றொழிலாளர் சங்கத்தாரையும் கண்டு வருதல் வேண்டும். வெறுங்கரை எனப் பட்டணத்தார் காண்பது கடற்றொழிலாளியின் தொழிற்களம். கரைவலை இழுக்கும் இடத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்ன பாடு இன்னாருக்கு உரியது என்ற வரையறை அங்கே உண்டு. விடியற்காலையில் வலையின் இரு கயிறுகளையும் பற்றி இருபது முப்பது பேர் இழுத்துவரும் பாதையில் ஒரு கூடாரம் நின்றால், அன்றைய உழைப்பே தடைப்படும். எங்கே தங்கலாம், எங்கே குளிக்கலாம், எக்கிணற்றில் நீர் அள்ளலாம் என்பவற்றை அவர்களே காட்டுவர். சவுக்கங்காடு அரசாங்கத்துக்கு உரியது. அதற்குள் தங்க வேண்டுமாயின் உரிய அலுவலகத்தில் கேட்டே செல்லவேண்டும்.

இனி, கூடாரம் அமைக்கும் இடம். மணற்காட்டில் பாதி மணலுள் அமிழ்ந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகளை ஒருமுறை கண்டவர்க்கு மணலின் இயல்பு விளங்கிவிடும். மணல் நிலையாக இருப்பதன்று, காற்றோடு நடப்பது. அதன் நடையைத் தடுத்து நிறுத்துவன அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லுமே. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது ஊர்ப் பழமொழி. அத்திரட்சியை வெட்டியும் மிதித்தும் அழிக்காமல், அக்கொடி படர்ந்த எல்லைக்கு உட்புறமாக, மணல் மேட்டின் உச்சியிலன்றி அதன் காற்றொதுக்கான அடிவாரத்தில் கூடாரம் நிற்கவேண்டும். இக்கரையில் வற்று வெள்ளப் பெருக்கின் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவே. எனினும் கொந்தளிப்பு நாட்களில் அலை அடம்பன் எல்லைவரை ஏறும். முளைகள் உலர்ந்த மணலிற் பிடித்து நில்லா. சிறு சாக்குகளில் மணல் நிரப்பி, கூடாரக் கயிற்றை அவற்றிற் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டால் எக்காற்றுக்கும் அசையாது. வாயில் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக இருத்தல் நன்று.

இப்பொழுது நீரைப்பற்றிக் கூறவேண்டும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. வானம் தரும் மழையே அதன் செல்வம். மழைநீர் நிலத்துள் இறங்கி, அங்கே முன்னரே உள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பதுபோல, பாரம் குறைந்த நன்னீர் பாரம் கூடிய கடல்நீரின்மேல் தங்குகின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு அது பரந்திருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. அக்கணக்கை மறுபுறமாகப் பார்த்தால் அதன் அச்சம் விளங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உவர் நாற்பதடி ஏறும். மணற்குன்றுகளின் அடியில் இந்த நன்னீர் மிக அண்மையிற் கிடைக்கின்றது. ஆழமில்லாத கிணறுகளிலும் இனிய நீர் ஊறுவது அதனாலேயே. அக்குன்றுகளை வெட்டி மணல் ஏற்றிச் செல்வதை ஊரார் எதிர்த்து நிற்பதற்கும் காரணம் இதுவே. மணல் போனால் அதற்குள் தங்கிய நீரும் போகும்.

இந்த நீர்ப் படலமே கடலோரக் குடும்பங்களின் உயிர். இரண்டு நாள் தங்கிச் செல்லும் விருந்தினர் அதனைக் கெடுத்துவிட்டால், தாம் வீடு திரும்பிய பின்னும் பிறர் அத்துன்பத்தை அனுபவிப்பர். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீரை உடன்கொண்டு செல்வதே முறை. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் எனக் கொண்டால், எட்டுப் பேருக்கு நாற்பது லீற்றர் ஆகும். இருபது லீற்றர்க் கலன்கள் இரண்டு போதுமாயினும், வெயிலையும் பிள்ளைகளின் தாகத்தையும் எண்ணி மூன்றாவதும் இருத்தல் நலம். உப்புநீர் கழுவக் குளிக்கவேண்டுமாயின், அனுமதி பெற்ற கிணற்றில் வாளியால் அள்ளி, கிணற்றடியை விட்டு விலகிச் சென்று குளிக்கவேண்டும். சவர்க்கார நீர் கிணற்றைச் சுற்றிய மணலில் விழுந்தால் அது மீண்டும் கிணற்றுக்கே வந்து சேரும்.

மலசல வசதி பற்றிப் பேச வெட்கப்படுவோர் உளர். பேசாமல் விட்டாலே பின்னர் வெட்கப்படவேண்டி வரும். மணல், நீரை விரைந்து உள்வாங்குமேயன்றி நன்கு வடிகட்டுவதன்று. முன்கூட்டியே பேசி, ஊரின் பொது மண்டபத்திலோ விருந்தோம்பும் ஒரு வீட்டிலோ உள்ள மலசலகூடத்தைப் பயன்படுத்த ஒழுங்கு செய்தலே சிறந்தது. வேறு வழியில்லையாயின், எக்கிணற்றிலிருந்தும் முப்பது மீற்றருக்குக் குறையாத தொலைவில், ஆழமற்ற குழி தோண்டி மூடவேண்டும். நிலத்தடி நீர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி நகர்வது. ஆதலின் கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் ஒருபோதும் தோண்டலாகாது.

உணவைப் பொறுத்தவரை வடமராட்சியார் பாக்கியசாலிகள். நாட்கணக்கில் கெடாத பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, பனங்கட்டி, பொரிவிளாங்காய் ஆகியன பயணத்துக்கென்றே பிறந்த பண்டங்கள். சனிக்கிழமை மதிய உணவைப் புளிச்சோறாகக் கட்டிச் சென்றால் போய்ச் சேர்ந்ததும் அடுப்பு மூட்டும் அவசரம் இல்லை. இரவுக்கு ஒடியற் கூழ். ஒரே பானையில் எட்டுப் பேருக்கும் ஆகும் உணவு அது. ஒடியல் மாவை நீரிலிட்டு ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துக் கசப்பைப் போக்கவேண்டும். ஒரு கைப்பிடி அரிசியுடன் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை அவியவிட்டு, கரையிலேயே வாங்கிய மீனும் நண்டும் இறாலும் சேர்த்து, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கலந்து, இறுதியில் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவினால் கூழ் தடிக்கும். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடித்தால், கழுவக் கிண்ணமும் இல்லை, எறியப் பிளாஸ்டிக்கும் இல்லை. மீனை அவ்வூராரிடமே வாங்குவதால் விருந்தினரின் வருகை அவர்களுக்கும் பயன் தரும்.

அடுப்புக்குச் சவுக்கங்காட்டில் விறகு முறித்தல் கூடாது. வளவுப் பனையின் பன்னாடை, கொக்கரை, காய்ந்த ஊமல் ஆகியவற்றை ஒரு சாக்கில் கட்டிச் சென்றால் ஓரிரவுக்குப் போதும். சவுக்குச் சருகு தீயை விரைந்து பற்றும் இயல்பினது. ஆகவே சருகு இல்லாத வெறுமணலில், மரங்களுக்குத் தூரமாக, காற்றொதுக்கில் அடுப்பு அமையவேண்டும். படுக்கும் முன் தீயை மணலால் மூடாது நீரால் அணைத்தல் வேண்டும். மணல் மூடிய தணல் விடியும்வரை உயிருடன் இருக்கும். வெறுங்காலுடன் ஓடிவரும் பிள்ளைக்கு அது தெரியாது.

இரவின் ஆபத்துகள் சில உள. மணற்பாங்கான பற்றைகளில் சுருட்டை விரியன் வாழும். இருளில் நடப்போர் கையில் விளக்கும் காலிற் சப்பாத்தும் இருக்கவேண்டும். கூடாரத்தின் வாயில் மூடியே இருக்கவேண்டும். பாம்பு தீண்டினால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீமையே செய்யும். தீண்டப்பட்டவரை அசையவிடாது, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை அமைந்துள்ள மந்திகைக்கு உடனே கொண்டுசெல்லவேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி வரும். போர்க்காலத்தில் முன்னரங்காயிருந்த நாகர்கோவில்ப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பணி நெடுநாள் நடைபெற்றது. எச்சரிக்கைப் பலகை காணும் இடத்தில் அடி வைக்கலாகாது. ஊரார் நடக்காத பற்றைக்குள் விருந்தினரும் நடத்தல் ஆகாது. மணலில் இரும்புப் பொருள் எதனைக் கண்டாலும் தொடாமல் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும்.

கடலைப்பற்றி ஒரு சொல். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். அத்தகைய வீரரும் 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்துகையில் உயிர்நீத்தார். கடல் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. கிழக்குக் கரையில் பார் இல்லை. அலை நேரே வந்து மோதித் திரும்புகையில், சில இடங்களில் ஆற்றோட்டம்போல ஆழத்துக்கு இழுக்கும். அவ்விழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடினால் களைத்து அமிழ்வர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து விடுபடுவர். வலைஞர் காட்டிய இடத்தில், பகலில், ஒருவர் கரையில் காவல் நிற்க, இடுப்பளவு நீரில் குளிப்பதே பிள்ளைகளுக்குப் போதுமானது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் மணற்காடு உட்பட வடமராட்சி கிழக்கின் கரையூர்கள் பல உயிர்களை இழந்தன. கடல் திடீரென உள்வாங்கக் கண்டாலோ, நிலம் வலுவாக நடுங்கினாலோ, பொருள்களை விட்டு உயர்ந்த உட்புறம் நோக்கி ஓடவேண்டும் என்பதையும், எவ்வழியால் ஓடுவது என்பதையும் கூடாரம் அடித்த அன்று மாலையே எல்லாருக்கும் காட்டிவிடுதல் தலைவரின் கடமை.

மறுநாள் காலையிற் கரைவலை இழுப்பதைக் காணலாம். அழைத்தால் கயிற்றில் ஒரு கை கொடுக்கலாம். அதன்பின் வல்லிபுரம். புரட்டாதிப் பௌர்ணமியில் ஆழ்வார் கடலில் தீர்த்தமாடச் செல்கையில் ஆயிரக்கணக்கானோர் அம்மணல்வழியே நடப்பர். இரண்டாம் நூற்றாண்டின் வசப மன்னன் காலத்ததென ஆய்வாளர் கொள்ளும் பொன்னேடு ஒன்று 1936 இல் அங்கே கிடைத்தது. மணல் மூடிய அவ்விடத்தில் எத்துணைப் பழமை உறங்குகின்றது என்பதற்கு அது சான்று. மாலையில் பருத்தித்துறை சென்று, 1916 இல் எழுந்த வெளிச்சவீட்டை வெளியே நின்று கண்டு, துறைமுகக் காற்றில் தேநீர் அருந்தி, உடுப்பிட்டிக்கு மீளலாம்.

புறப்படுமுன் ஒரு வேலை எஞ்சியிருக்கும். சாக்குகளைக் கிளறி மணலை அவ்விடத்திலேயே கொட்டவேண்டும். போத்தலும் பொலித்தீனும் வந்த பையிலேயே வீடு திரும்பவேண்டும். அடுப்புக் கரியை அள்ளிச் செல்லவேண்டும், பலாவிலையைப் புதைக்கலாம். பின்னர் குழுவின் தலைவர் நீர் தந்த வீட்டுக்குச் சென்று சொல்லிக்கொண்டு வரவேண்டும். மடமும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்த முன்னோர் பயணியிடம் விலை கேட்கவில்லை. நீரை நீராகவே விட்டுச் செல்வான் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்கள் வைத்த விலை. அவ்விலையைக் கொடுத்துச் செல்பவரை அடுத்த பங்குனியில் அவ்வூரார் தாமே அழைப்பர்.